வாத்துகள் ஜெயித்தனவா?

“அண்ணே, உங்க வாத்து ஜெயிச்சதா?”

காலையில் நான் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் தம்பி இப்படித்தான் கேட்பார். மேசையில் உள்ள மற்றவர்கள் இங்கிலாந்துக் காற்பந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கைப்பேசியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்தின் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்குச் சரியாகக் காலை ஏழு மணி. விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் ஆடும் ஆட்டம் எனக்குக் காலைப் பசியாறலோடு வந்துவிடும்.

வாத்து என்று தம்பி சொல்வது ‘அக்ரோன் ரப்பர் டக்ஸ்’ என்ற குழுவை. குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரில் மிதக்க விடும் ரப்பர் வாத்துதான் அதன் சின்னம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் ‘ரப்பர்’ வந்த கதை நமக்கு அந்நியமானதல்ல. 2014 பருவத்துக்காக இப்பெயரைச் சூட்டியபோது அவர்கள் நினைத்தது தங்கள் ஊரின் டயர்த் தொழிலை. குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் என்று நாம் லாரி டயர்களில் படித்த பெயர்களெல்லாம் அக்ரோனில் வளர்ந்தவை. உலகின் ரப்பர் தலைநகர் என்றே அந்த ஊரை ஒரு காலத்தில் அழைத்தார்கள். மலாயாவின் ரப்பரை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாக நம் பாட்டிமார் சீவி எடுத்த பாலில் எவ்வளவு அந்த ஊருக்குப் போனதோ! நான் இந்தக் குழுவைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை. அந்த ஊரில் டயர் ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. இங்கே தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. மிஞ்சியது வாத்து.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஜெயித்ததா என்றால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்ல முடிவதில்லை. அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சியில் 30 பெரிய குழுக்கள். ஒவ்வொன்றின் கீழும் ஏணிப்படி போல நான்கு சிறிய குழுக்கள்: ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. மொத்தம் 120. 2021க்கு முன் இன்னும் நாற்பதுக்கு மேல் இருந்தன, அவ்வாண்டு வெட்டிவிட்டார்கள். பெரிய குழுவின் ‘பண்ணை’ என்றே இவற்றைச் சொல்கிறார்கள். அக்ரோன், கிளீவ்லண்ட் கார்டியன்ஸ் குழுவின் டபுள் ஏ பண்ணை. ஊர் அக்ரோன், சீட்டு வாங்கிக் கைதட்டுவது அக்ரோன் மக்கள். ஆனால் ஆட்டக்காரருக்கும் பயிற்றுநருக்கும் சம்பளம் போடுவது கிளீவ்லண்ட். யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதும் கிளீவ்லண்ட்தான்.

ஆகவே, நன்றாக ஆடுகிற பையன் அங்கே நிலைப்பதில்லை. ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் 2014இல் இந்த வாத்துக் குழுவில் ஆடினார். நன்றாக ஆடினார். பருவம் முடிவதற்குள் ஒரு படி மேலே, கொலம்பஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறு ஆண்டு ஜூனில் கிளீவ்லண்ட். பிறகு நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 341 மில்லியன் டாலரில் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அக்ரோனுக்கு என்ன கிடைத்தது? கையில் இருந்த நல்ல ஆட்டக்காரர் போனதுதான் கிடைத்தது. இதற்காக அந்த ஊரில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தன் பள்ளிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த ஆசிரியர் மாதிரி சந்தோஷப்படுகிறார்கள்.

தோல்வியும் இப்படித்தான். ஒரு இளம் பந்து வீச்சாளர் ஐந்து இன்னிங்ஸ் வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நிற்பார். நம் ஊராக இருந்தால் இறக்கவே மாட்டோம். அங்கே அவர் கைக்கு இத்தனை பந்து என்று மேலிடம் கணக்கு வைத்திருக்கும். கணக்கு முடிந்தது, இறக்கிவிடுவார்கள். அடுத்து வந்தவர் ஓட்டங்களை வாரி வழங்கி ஆட்டம் கைவிட்டுப் போகும். முடிவுப் பலகையில் தோல்வி என்று இருக்கும். ஆனால் நான் சந்தோஷமாக இரண்டாவது தே தாரிக் சொல்லுவேன். தம்பிக்கு இது புரிவதில்லை. “தோத்ததுக்கு ஏன் அண்ணே சிரிக்கிறீங்க?” என்பார்.

வாத்துகளைத் தேடப் போய் மற்றக் குழுக்களின் பக்கமும் கண் போகும். ஆங்கிலப் பெயர்களும் ஸ்பானியப் பெயர்களும் நிறைந்த பட்டியலில் ‘குமார்’ என்று ஒரு பெயர் இருந்தால் நம் கண் நிற்காமல் போகுமா? குமார் ரோக்கர். தந்தை கறுப்பின அமெரிக்கர், அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர். தாய் இந்திய வம்சாவளி. 2019இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக முதலாண்டு மாணவராக ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடித்தவர். இவர் நேராக மேலே போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2021 தேர்வில் மெட்ஸ் குழு அவரைப் பத்தாவதாக எடுத்தது. 6 மில்லியன் டாலருக்குப் பேச்சு முடிந்திருந்தது. மருத்துவச் சோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. தோளில் அறுவை சிகிச்சை. மறு ஆண்டு, எந்தப் பெரிய குழுவோடும் சேராத சிறு லீக்கில் போய் வீசினார். அதைப் பார்த்து டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாகவே எடுத்தது. 2023இல் ஹிக்கரி என்ற ஊரில், ஹை ஏ படியில், வாரம் ஒரு முறை அவர் பெயர் வரும். அடுத்தவாரம் எப்போது என்று காத்திருப்பேன். மே மாதம் பெயர் நின்றுவிட்டது. இம்முறை முழங்கை. ‘டாமி ஜான்’ சிகிச்சை என்பார்கள். அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறு இடத்து நாரை எடுத்து முழங்கையில் பொருத்துவது. 1974இல் அதை முதலில் செய்துகொண்ட பந்து வீச்சாளரின் பெயர் அது. குணமாக ஓராண்டுக்கு மேல் ஆகும்.

2024 நடுவில் மறுபடியும் அந்தப் பெயர் வந்தது. முதலில் அரிசோனாவில் பதின்ம வயதுப் பையன்கள் ஆடும் பயிற்சித் திடலில். பிறகு ஃபிரிஸ்கோ, டபுள் ஏ. பிறகு ரவுண்ட் ரோக், டிரிபிள் ஏ. செப்டம்பர் 12 அன்று சியாட்டலில், ரேஞ்சர்ஸ் சட்டையில், பெரிய லீக்கில். நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை. நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்டிரைக் அவுட். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அன்று என் கணக்கில் ரொட்டி சானாய். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது, சாப்பிட்டார்கள்.

ஆனால் குமார் ஒருவர். மேலே போகாதவர்கள்தான் அதிகம்.

1981இல் பாவ்டக்கெட், ரோச்செஸ்டர் என்ற இரண்டு டிரிபிள் ஏ குழுக்கள் ஆடிய ஆட்டம் 33 இன்னிங்ஸ் போனது. வழக்கமாக ஒன்பதுதான். ஏப்ரல் 18 இரவு தொடங்கி, மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு மேல் 32 இன்னிங்ஸில் நிறுத்தினார்கள். அப்போது திடலில் பார்வையாளர் 19 பேர். ஜூன் 23 அன்று தொடர்ந்து ஆடியபோது பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆடியவர்களில் வேட் போக்ஸ், கேல் ரிப்கன் இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவந்த அடியை அடித்தவர் டேவ் கோசா. அவர் பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை.

சம்பளமும் அப்படி ஒன்றும் இல்லை. டபுள் ஏ ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 13,800 டாலர்தான் குறைந்தபட்சம். சங்கத்தில் சேர்ந்த பிறகு, 2023இல்தான் அது 30,250 ஆனது. அதே ஆண்டு பெரிய லீக்கில் குறைந்தபட்சமே 720,000. இடையில் இருப்பது இரண்டே படி. தோட்டத்தில் சம்பள உயர்வுக்குச் சங்கம் என்ன பாடுபட்டது என்று பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த எண்களைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

அங்கே செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. அதனால் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் முடிவுகள் எதுவும் இருக்காது. ஆட்டக்காரர் இடமாற்றப் பட்டியல் மட்டும் இருக்கும். மேலே ஏற்றப்பட்டவர், கீழே இறக்கப்பட்டவர், காயம்பட்டவர், விடுவிக்கப்பட்டவர். ஆளுக்கு ஒரு வரி. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது, தன் பெயர் வராமல் நின்ற மனிதர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது அவர்கள் நினைவுதான் வரும்.

மூன்று பருவமாக நான் கவனித்து வந்த பந்து வீச்சாளர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவர் பாட்டுக்கு எங்கேயோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். நட்சத்திரம் இல்லை. கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு அழைக்கப்படுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மூவரையும் வரிசையாக வீழ்த்தினார், வாத்துகள் ஜெயித்தன. செவ்வாய்க்கிழமை காலை பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘விடுவிக்கப்பட்டார்’ என்று இருந்தது.

“என்ன அண்ணே, முகம் வாடியிருக்கு? வாத்து தோத்துடுச்சா?” என்றார் தம்பி.

“இல்லைப்பா, ஜெயிச்சுது” என்றேன்.

மறுநாள் காலை அவர் இடத்தில் கீழ்ப்படியிலிருந்து வந்த ஒரு பையன் வீசினான். ஒரு இன்னிங்ஸ், இரண்டு ஸ்டிரைக் அவுட், ஒரு வாக். பந்தைக் கட்டுப்படுத்த இன்னும் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடை ரசீதின் பின்னால் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.