வேட்டிக்குத் திறந்த கதவும் தமிழுக்குத் திறவாத மன்றமும்

மன்றம் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. புதிய பொருளும் அன்று. ஊர் நடுவே, மரத்து நிழலில், ஊரார் அனைவரும் கூடிய பொதுவிடமே மன்றம். அதற்குக் கதவில்லை, வாயில்காப்போனும் இல்லை. அச் சொல்லை எடுத்தே, உறுப்பினரல்லாதார் கால்வைக்கவியலாத இல்லங்கட்கு இன்று 'மனமகிழ் மன்றம்' எனப் பெயர் சூட்டியுள்ளனர். பெயர் தமிழ், உள்ளீடு முற்றும் ஆங்கிலம்.

இவற்றைச் சென்னையில் நட்டவர் ஆங்கிலரே. 1832-இல் தோன்றிய மெட்ராசு மன்றம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. ஆங்கிலராட்சி அகன்று ஆண்டுகள் பல கழிந்தபின், 1960-களிலேதான் இந்நாட்டார் அதில் உறுப்பினராக இடம்பெற்றனர். 1873-இல் எழுந்த காசுமாபாலிட்டன் மன்றம், இந்நாட்டுப் பெருமக்களும் வெள்ளையரும் கலந்து பழகுதற்கென அமைந்தது. 1884-இல் சிம்கானா மன்றம் தோன்றிற்று.

இவற்றை நடத்தும் முறையும் ஆங்கிலர் வகுத்ததே. உறுப்பினராக விழைவானை ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்றொருவர் வழிமொழிய வேண்டும். பின்னர் ஆட்சிக்குழு ஒப்ப வேண்டும். பழைய முறையில், மறைவாக இடப்படும் கருங்குண்டுகள் ஒன்றிரண்டு விழுந்தாலே ஒருவன் விலக்கப்படுவான். கரணியம் கூறுவார் இலர், கேட்பாரும் இலர்.

நண்பர் சிலர் கூடித் தமக்கென ஓர் அமைப்பு வைத்துக்கொள்வது குற்றமாகாது. தம்மோடு அமர்பவரைத் தாமே தெரிந்துகொள்வதும் அவர்தம் உரிமையே. ஆயின், இம் மன்றங்கள் முற்றும் தனியார் இல்லங்கள்தாமா? குடிவகை வழங்க அரசின் உரிமம் வேண்டும். சங்கமாகப் பதிவுபெற்றவை 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை. சிலவற்றின் நிலமும் குத்தகை நிலமே. பொதுமக்களின் அரசிடம் கைநீட்டிப் பெறுங்கால் பொதுவும், அம் மக்களின் உடையைக் காணுங்கால் தனியும் ஆவது எவ்வகை முறைமை?

2014 சூலை 11-ஆம் நாள் நிகழ்ந்ததைத் தமிழர் மறத்தலாகாது. சென்னைச் சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டு மட்டைப்பந்துக் கழகத்தின் மன்றத்தில் நூல் வெளியீட்டு நிகழ்ச்சியொன்று நடந்தது. அழைப்பின்பேரில் வந்த உயர்முறைமன்ற நடுவர் அரிபரந்தாமன், வேட்டி உடுத்திருந்தார் என்பதற்காகவே வாயிலில் தடுக்கப்பட்டார். வழக்கறிஞர் இருவர்க்கும் அதே நிலை நேர்ந்தது. முழுக்காற்சட்டை அணிந்தோர் உள்ளே சென்றனர். தமிழன் தன் தலைநகரில் தன் உடையோடு வெளியே நின்றான்.

தடுத்தவர் ஆங்கிலர் அல்லர். அவர் சென்று அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எழுதிவைத்த ஒழுங்குமுறையைத் திருமறைபோற் காத்துவந்தவர் இம்மண்ணின் மக்களே. பிறன் பூட்டிய விலங்கை உடைப்பது எளிது. தானே விரும்பிப் பூண்ட விலங்கு அணிகலனாகத் தோன்றுதலின், அதனைக் கழற்ற மனம் வருவதில்லை.

மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஆகசுட்டிலேயே சட்டமன்றம் சட்டமியற்றிற்று. வேட்டி முதலிய மரபுடை அணிந்தாரைத் தடுக்கும் மன்றத்தின் உரிமம் நீக்கப்படலாம். தடுத்தவர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 உருபா ஒறுப்புக் கட்டணமும் உண்டு. போற்றத்தக்க சட்டமே. ஆயினும், சொந்த நாட்டில் சொந்த உடையை உடுத்தற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே நாணத்தக்கது.

அச் சட்டம் இடுப்புக்கு உரிமை தந்தது, நாவிற்குத் தரவில்லை. இன்றும் இம் மன்றங்களின் ஒழுங்குமுறை நூலும், அறிவிப்பும், உணவுப் பட்டியலும் பெரும்பாலும் ஆங்கிலமே. சமையற்கட்டில் தமிழ் ஒலிக்கின்றது, கூடத்தில் அடங்கிவிடுகின்றது. வேட்டியோடு உள்ளே செல்லும் தமிழன், தன் மொழியை வாயிலிலேயே களைந்துவிட்டுச் செல்கின்றான்.

இதற்கு மற்றொரு சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, 'ஒழுங்குமுறைகளைத் தமிழில் அச்சிடுக. கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதுக. உறுப்பினர் தமிழில் உரையாற்ற இடந்தருக' எனக் கேட்பதற்கு உறுப்பினராகவுள்ள தமிழர் ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு. ஒருவர் முன்மொழியவும் ஒருவர் வழிமொழியவும் வேண்டும் என்பதே இம் மன்றங்களின் முறை. ஆளைச் சேர்க்க அத்தனை முறை முன்மொழிந்தவர்கள், தமிழைச் சேர்க்க ஒருமுறை முன்மொழிவாராக. வழிமொழிய மானமுள்ள தமிழர் ஒருவரேனும் அக் கூடத்தில் இல்லாமற் போகார்.