எழுத்தைப் படமாக்காதீர்!

தோழர்களே! நம் இயக்கம் வளர்ந்த இடம் எது? மாடமாளிகையா? மணிமண்டபமா? இல்லை! ஓலைக் கூரை வேய்ந்த படிப்பகம், முடிதிருத்தகம், தேநீர்க் கடைப் பெஞ்சு. அங்கே எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சூழ அமர்ந்து கேட்பர். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று வெளியே நின்றவர் எவருமில்லை.

இன்று அந்தப் படிப்பகத்தின் வேலையை இணையப் பக்கம் ஏற்றிருக்கிறது. மாவட்டக் கழகம் வைத்திருக்கிறது, தொழிற்சங்கம் வைத்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், உள்ளே நுழைந்து பார்த்தால்? பொதுக்கூட்ட அறிவிப்பு, போனஸ் பேச்சுவார்த்தையின் முடிவு, நலவாரியப் பதிவுக்கு வேண்டிய சான்றுகளின் பட்டியல் — பல பக்கங்களில் இவை எல்லாமே தாளைப் படம் பிடித்து ஒட்டியவை! எழுத்து இருக்கிறது, ஆனால் எழுத்தாக இல்லை!

அதனால் என்ன கேடு என்கிறீர்களா? பார்வையற்ற தோழர் ஒருவர் கைப்பேசியைக் காதருகே பிடிக்கிறார். அதிலுள்ள திரைவாசிப்பான், பக்கத்திலுள்ள தமிழை அவருக்குப் படித்துச் சொல்லும். அன்று படிப்பகத்தில் உரக்கப் படித்தாரே, அவர் செய்த அதே தொண்டு! எழுத்தாக இருந்தால் படிக்கும். படமாக இருந்தால், "படம்" என்று சொல்லிவிட்டு வாய்மூடிக்கொள்ளும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இன்று உண்டு, மறுக்கவில்லை. கோணலாக, நிழல் விழ எடுத்த படத்தில் அவை செய்யும் பிழையை நம்பி, விண்ணப்பத்தின் கடைசி நாளை ஒருவர் தவறவிடலாமா? தகவல் அவர்களுக்கும் எட்டவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து சொல்லித்தானா நாம் செய்யவேண்டும்?

கணக்கையும் பாருங்கள். இணையத்தில் வழங்கும் ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு. 2,000 குறிகள் கொண்ட அறிவிப்பு 6,000 பைட்டு. அதே தாளைக் கைப்பேசியில் படமெடுத்தால் 3 மெகாபைட்டு ஆகும், ஐந்நூறு மடங்கு! அந்தச் சுமைக்குக் காசு கொடுப்பவர் யார்? பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, பேருந்துக்குக் காத்து நிற்பவர்.

கணினியில் தமிழ் எழுத்து ஏறுவதற்குப் பட்டபாடு கொஞ்சமா? தொண்ணூறுகளில் தளத்துக்கு ஓர் எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் தமிழ் தெரியாது. கோணல்மாணல் குறிகள்தான் தெரியும். அந்தக் குழப்பம் தீர, தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. வழி திறந்த பின்னும் எழுத்தைப் படத்துக்குள் அடைப்பதா?

தலைவர்கள் படமே வேண்டாமென்று நான் சொன்னதாக எவரும் திரித்துவிட வேண்டாம்! இருக்கட்டும். ஆனால், நான்கு படங்களைத் தள்ளித் தள்ளிக் கீழே போனால்தான் கூட்டம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பது தெரியும் என்றால், அந்தப் பக்கம் யாருக்காக? ஊரும் நாளும் நேரமும் முதலில், படம் பிறகு. படத்தோடு, அதில் இருப்பது யார் என்று ஒரு வரி எழுதிவைக்க இடமுண்டு; திரைவாசிப்பான் அதைப் படிக்கும். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

கொடியின் நிறம் நெஞ்சில் இருக்கட்டும். கறுப்புத் தளத்தில் அடர்சிவப்பு எழுத்து, வெயிலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 ஆவது இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் இணைய வல்லுநர் ஏற்றுக்கொண்ட நெறி.

அடுத்த அறிவிப்பை ஏற்றியதும் செயலாளரின் புதுக் கைப்பேசியில் பார்த்து மகிழவேண்டாம். சங்க அலுவலகக் காவலாளியின் கீறல் விழுந்த கைப்பேசியை வாங்கி, நண்பகல் வெயிலில் நின்று திறந்து பாருங்கள். போன மாதம் முடிந்துபோன கூட்டத்தின் அழைப்பு இன்னும் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தால், அதையும் அப்போதே கழற்றிவிடுங்கள்.