அன்னாசிக்கு முதலில் வேண்டியது குத்தகைப் பத்திரம்

மாத்தளை மாவட்டத்தில் அன்னாசிச் செய்கையை விரிவாக்கும் பேச்சு வரும்போது கன்று, உரம், மானியம் ஆகியவையே முன்னுக்கு வருகின்றன. காணியில் யாருக்கு எத்தனை வருட உரிமை என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. ஆனால் இந்தப் பயிரின் பொருளாதாரம் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. நட்ட கன்றில் முதல் பழம் பறிக்க ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை செலவு மட்டுமே. பக்கக்கன்றுகளைப் பேணி மறுதாம்பில் அடுத்தடுத்த அறுவடைகளை எடுத்தால்தான் போட்ட பணம் இலாபத்தோடு திரும்பும். அதற்கு மூன்று, நான்கு வருடங்கள் வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் மரக்கறி போடும் தோட்டத் தொழிலாளர் குடும்பம் அத்தனை காலத்தை நம்பிப் பணம் போடாது. வீடு கட்டக் கிடைக்கும் சிறு காணித்துண்டில் வணிகப் பயிருக்கு இடமும் இல்லை.

கேரளத்தின் வாழக்குளம் இதற்கு நல்ல சான்று. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் அன்னாசியைப் பயிரிடுபவர்களில் பலர் காணிச் சொந்தக்காரர்கள் அல்லர். றப்பர் மறுநடுகை செய்த காணிகளை மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்து, இளங்கன்றுகளின் இடைவெளியில் மொரீசியஸ் இன அன்னாசியை நடுகிறார்கள். காணிக்காரருக்குக் குத்தகைப் பணம் வருகிறது, களைச் செலவும் மிச்சமாகிறது. நம் நாட்டிலும் கம்பஹா, குருநாகல் மாவட்டங்களில் தென்னைக்கு ஊடுபயிராக அன்னாசி வேரூன்றியிருக்கிறது. றப்பரும் தென்னையும் மாத்தளைக்குப் புதியவை அல்ல. கைவிடப்பட்ட தோட்டக் காணிகளும் அங்கே உண்டு.

அந்தக் காணிகளைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குத்தகைக்குக் கொடுப்பதற்கு மூன்று மறுப்புகள் எழும். மலைச்சரிவில் அன்னாசி மண்ணரிப்பைக் கூட்டும் என்பது முதலாவது, அது உண்மை. ஆகவே செங்குத்தான சரிவுகளை விலக்குவதும், சமவுயரக் கோட்டில் நடுவதும் குத்தகை நிபந்தனைகளாக வேண்டும். எல்லாரும் நட்டால் விலை விழும் என்பது இரண்டாவது. 2020 கொரோனா முடக்கத்தில் விலை விழுந்து வாழக்குளமே தடுமாறியது. ஆனால் குருத்தில் எதிஃபோன் கரைசல் ஊற்றிப் பூக்கவைக்கும் முறையால் அறுவடையைப் பல மாதங்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். கூட்டுறவாக இயங்கும் குத்தகைக்காரர்களால் இதைத் திட்டமிட முடியும். சிதறிக் கிடப்பவர்களால் முடியாது. தொழிலாளர்கள் தோட்ட வேலையை விட்டுவிடுவார்கள் என்பது மூன்றாவது. அன்னாசி அன்றாடம் ஆள் கேட்கும் பயிர் அல்ல. மேலும், இளைஞர்கள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சொந்த வருமானம் இருந்தால்தான் சிலராவது ஊரில் தங்குவார்கள்.

அரசின் வசமுள்ள தோட்டங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். பயிரில்லாத காணியை அளந்து, குறைந்தது ஐந்து வருடக் குத்தகையை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிக் கொடுக்கட்டும். பத்திரம் கையில் இல்லாதவரிடம் கன்றை இலவசமாகக் கொடுப்பது திட்டமாகாது, விளம்பரமே ஆகும்.