குதிர் பெரிசு, களம் சிறிசு!



முதலாமாண்டில் சேர்ந்தபோது அப்பாவும் நானும் லேப்டாப் வாங்கப் போனோம். "512 ஜி.பி. மெமரி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க!" என்றார் கடைக்காரர். அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். நானும் தலையாட்டினேன். மூன்றாம் வருஷம் ஆட்டோகேட் படத்தைத் திறந்தபோதுதான் குட்டு உடைந்தது. 512 என்பது சேமிப்பு. ரேம் வெறும் 4 ஜி.பி.!

புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்தது நம் பாகூர். ஆகவே நெல்லை வைத்தே சொல்கிறேன். சேமிப்பு என்பது குதிர். ரேம் என்பது களம். குதிர் எவ்வளவு பெரிசா இருந்தா என்ன? களம் சின்னதென்றால் பாதி நெல்லை ஓரமாக அள்ளி வைத்து, மறுபடி எடுத்து வந்தே பொழுது போய்விடும். ரேம் நிறைந்த கணினியும் இதே பாடுதான் படுகிறது.

சரி, எவ்வளவு வேணும்? 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 எம்.பி. போதும். 2021-ல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. கேட்கிறது, ஆயிரம் மடங்கு! அந்தக் 'குறைந்தது' என்பதும் கணினி ஓடுவதற்குத்தான். நாம் நிம்மதியாக வேலை பார்ப்பதற்கு அல்ல.

"ரெக்கார்டு டைப் அடிக்க நாலு போதும்டா" என்கிறான் வில்லியனூர் நண்பன். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் அவனே புலம்புகிறான்! என் கருத்து இதுதான்: அன்றாட வேலைக்கு 8 ஜி.பி. போதும். ஆட்டோகேட்டின் அண்மைப் பதிப்புகளே குறைந்தது 8 கேட்பதால், வரைபடம், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்று போகிறவர்களுக்கு 16. 'பின்னால உதவும்' என்று 32-க்குக் கடன் வாங்குவது வீண்.

என் பேச்சை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். தினமும் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால், களம் போதவில்லை என்று பொருள்.

கடையில் இரண்டே கேள்வி: "ரேம் எத்தனை? பின்னால கூட்ட ஸ்லாட் இருக்கா?" என் லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கூட்டவே முடியாது. முதலாமாண்டுத் தம்பி, தங்கைகள் வாங்கப் போகும்போது சீனியர் ஒருவரைத் துணைக்கு அனுப்ப நம் பேரவை ஏற்பாடு செய்யலாமே?

அம்மாவின் தோடு இன்னும் அடகிலிருந்து திரும்பவில்லை. இன்னொரு வீட்டுத் தோடாவது வீணாகாமல் இருக்கட்டும். சிந்திப்போமா நண்பர்களே?