பொருந்துவது நிரூபணம் ஆகாது

மர்மத் தொடர்களின் ரசிகர்களிடையே ஒரு வாதம் வேரூன்றியிருக்கிறது: எல்லாத் தடயங்களுக்கும் பொருந்தும் யூகமே சரியான விடை, கதை வேறு விதமாக முடிந்தால், எழுதியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள். இந்த வாதம் நிற்காது.

1. ஒரே தடயத்துக்குப் பல யூகங்கள் பொருந்தும். 2025-இல் வந்த ‘சுழல்’ மர்மத் தொடரின் இரண்டாம் சீசனில் ஒரே கொலைக்கு எட்டு இளம்பெண்கள் பொறுப்பேற்கிறார்கள். பொருத்தம் மட்டுமே போதுமென்றால் எவரைக் கொலையாளி என்பது?

2. ஊரை அடையாளம் கண்டால் முடிச்சு அவிழாது. அந்த சீசனின் கதை நடக்கும் காளிப்பட்டணம் கற்பனை ஊர். அதன் அஷ்டகாளித் திருவிழா, தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை நினைவூட்டும். அங்கே பக்தர்கள் விரதமிருந்து, காளி முதலிய வேடங்கள் கட்டி, காணிக்கை திரட்டிக் கோயிலில் செலுத்துகிறார்கள். இந்த நேர்த்திக்கடன் கொலையைப் பற்றி என்ன சொல்லும்?

3. மூலக்கதை வாக்குறுதி அல்ல. ‘வாண்டாவிஷன்’ (2021) சூப்பர்ஹீரோ தொடரில், மூலமான காமிக்ஸை ஆதாரமாகக் காட்டி, அதில் வரும் மெஃபிஸ்டோவே வில்லன் என்று ரசிகர்கள் பலர் நம்பினார்கள். 9 பகுதிகளிலும் அவன் வரவில்லை. சூழ்ச்சிக்காரியாக வெளிப்பட்டவள் அகதா ஹார்க்னஸ் என்ற வேறொரு பாத்திரம். வராத பாத்திரத்தைத் தொடர் எங்கே வாக்களித்தது?

யூகிப்பது ரசிகரின் உரிமை. தன் யூகத்தைப் பொய்யாக்கும் காட்சியையும் தேடிப் பார்ப்பது அவரது கடமை.