காலைப் பிடிக்கிற உத்தியோகம்

என் மச்சினன் ஏழு வருஷமாகக் காலைப் பிடித்துத்தான் பிழைக்கிறான். அவசரப்பட்டு முகம் சுளிக்காதீர்கள். அவன் பிடிப்பது நாயின் காலை.

தென்சென்னையில் ஒரு தனியார் பெட் கிளினிக்கில் வேலை. நாய்க்கு ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ வேண்டுமென்றால் டாக்டர் ஊசியோடு ஒரு பக்கம் நிற்பார். இவன் நாயை மார்போடு அணைத்து, ஒரு கையால் அதன் தாடையைத் தன் தோளோடு அமுக்கி, மறு கையால் முன்னங்காலை முழங்கை மடிப்பில் பிடித்து, கட்டை விரலால் லேசாக வெளிப்பக்கம் திருகுவான். நரம்பு மேலே எழுந்து வரும். "இப்பப் போடுங்க டாக்டர்." டாக்டர் போடுவார். அதற்குள் அந்த நாய்க்கு என்ன தோன்றுகிறது, வாய் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதெல்லாம் இவன் டிபார்ட்மென்ட்.

இந்த உத்தியோகத்துக்குப் பெயர் என்ன? அதுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்னை. சென்ற தை மாதம் தரகர் போன் பண்ணினார்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"மெடிக்கல் லைன்" என்றார் என் மாமியார்.

"டாக்டரா?"

"டாக்டருக்கு அடுத்தபடி."

"மனுஷ டாக்டருக்கா?"

மாமியாருக்கு அதோடு சிக்னல் கிடைக்காமல் போய்விட்டது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. வெட்னரி நர்ஸ். 1961-லேயே முறையான பயிற்சித் திட்டம் ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் 'அனிமல் நர்ஸிங் ஆக்ஸிலரி' என்று வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்திருந்து, 1984-ல்தான் நர்ஸ் என்று மாற்றினார்கள். இன்று பரீட்சை, பதிவேடு, யூனிபாரம் எல்லாம் உண்டு. (சம்பளம் பத்தவில்லை என்ற புலம்பலும் உண்டு. அதில் மட்டும் உலகம் முழுக்க ஒரே ஜாதி.) வேடிக்கை என்னவென்றால், அதே 1984-ல்தான் நம் ஊரில் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வந்தது. ஐந்தரை வருஷம் படித்த டாக்டர்களுக்குப் பதிவேடு. சான்றிதழ் வைத்திருக்கிற உதவியாளர்கள் டாக்டர் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம் என்று ஓரமாக ஒரு வரி. என் மச்சினன் போல வேலையிலேயே வேலை கற்றவன் அந்த ஓரத்திலும் கிடையாது. அவனைக் கிளினிக்கில் எல்லோரும் 'தம்பி' என்பார்கள். மாதம் 14,000 ரூபாய். கடைசியாக ஏறியது இரண்டு வருஷம் முன்பு, ஒரு பொங்கலுக்கு. ஐந்நூறு.

விஷயம் முற்றியது ஒரு பொமரேனியனால். ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் என்று எத்தனையோ ஜாம்பவான்களை அணைத்தவன் இவன். அவையெல்லாம் கண்ணியமானவை, கடிக்கும் முன் சொல்லிவிட்டுக் கடிக்கும். இந்தப் பொமரேனியன் நாலு கிலோகூட இருக்காது. நகம் வெட்ட வந்த இடத்தில் இவன் வலது கையைப் பதம் பார்த்துவிட்டது. கூட வந்த அம்மாள், "அவன் அப்படிச் செய்யவே மாட்டானே... நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டாராம். தடுப்பூசி போட்ட கார்டு? பீரோவில் எங்கேயோ இருக்கிறதாம்.

அன்று ராத்திரி கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். கடித்த இடத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான். காசில்லை. அடுத்தது 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள்.

"ஏண்டா, நாயோட இருக்கற வேலை. முன்னாடியே போட்டுக்க மாட்டாங்களா?"

"போட்டுக்கணும் மாமா. மூணு ஊசி. அதைப் போட்டிருந்தா கடிச்ச அன்னிக்கு ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணு, அதோட முடிஞ்சுது. டாக்டர் போட்டிருக்கார்."

"நீ?"

"எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை."

என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். ஏழு வருஷம்! ரேபீஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். "ஏங்க, நீங்களும் ஆபீஸ்ல இருபத்தஞ்சு வருஷமா குப்பை கொட்டறீங்களே, இவனுக்குச் சம்பளம் எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் கொடுங்களேன்" என்றாள். நான் கேட்டு வாங்கிய லட்சணம் தெரிந்தும் சொன்னாள் என்றால் தம்பிப் பாசம்தான்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன் ஒருமுறை மானேஜரிடம் மனு எழுதிக்கொண்டு போனேன். வீட்டு வாடகை, பையன் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு பக்கம். படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். காபி வரவழைத்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. கம்பெனி கஷ்டம் உங்களுக்குப் புரியணும்" என்றார். காபி நன்றாக இருந்தது. அதே மாதம் பக்கத்து ஸீட் ஆசாமி, கல்யாணமாகாதவன், ஒரு கஷ்டமும் இல்லாதவன், தான் எத்தனை ஃபைல் முடித்தான், அதில் எத்தனை மற்றவர்களுடையது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். 'மற்றவர்களுடையது' என்பதில் பாதி என்னுடையது.

அதனால் மச்சினனிடம் முதலில் சொன்னது, "கல்யாணம், வாடகை, அம்மாவுக்குச் சுகர், எதையும் பேசாதே. ஒரு நோட்டு வாங்கு. ஒரு வாரம் நீ செய்யறதை எல்லாம் எழுது."

எழுதினான். இரண்டு ரூல் பேனா வாங்கிக் கொடுத்தது நான். அந்த நோட்டைப் படித்த பிறகுதான் இத்தனை நாள் இவனை நாய் குளிப்பாட்டுகிறவன் என்று நினைத்திருந்தது எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது.

ஒரு வாரத்தில் முப்பத்தெட்டு நாய், பதினோரு பூனை, ஒரு முயல். அத்தனைக்கும் எடை, டெம்பரேச்சர். (நாய்க்கு 101, 102 டிகிரி என்பது ஜுரமில்லை, நார்மல். தெர்மாமீட்டரை வைக்கிற இடம் வாய் இல்லை. அந்த வேலையைச் சிரித்த முகத்துடன் செய்கிற ஒருவனுக்கு மாதம் 14,000.) பார்வோ வந்த குட்டி ஒன்று, ரத்தமாகப் போய்க்கொண்டிருந்ததை மூன்று நாள் டிரிப்ஸ் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டது. அது படுத்த மேஜை, கூண்டு, தரை எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவியது. அந்தக் கிருமி சாதாரண சோப்புக்கெல்லாம் அசையாதாம், மாதக்கணக்கில் தரையிலேயே குடித்தனம் பண்ணுமாம். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 டிகிரிக்குக் கீழேயும் 8 டிகிரிக்கு மேலேயும் போகாமல் கரன்ட் கட்டின்போது ஐஸ் பேக் வைத்துக் காப்பாற்றியது. செத்துப்போன பதினாலு வயசு லாப்ரடாரைத் துணியில் சுற்றி, அழுகிற பெரியவரை ஆட்டோ ஏற்றிவிட்டது.

வியாழக்கிழமைக்கு நேராக ஒரு வரி: 'ராத்திரி 11.40. போன். பூனைக்கு ஜுரம், அரை பாராசிட்டமால் தரலாமா என்றார்கள். வேண்டாம் என்றேன்.'

"இதென்னடா?"

"மாமா, பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். மனுஷனுக்குக் கேக்கற மாதிரி அதோட உடம்புக்கு அதைச் செரிக்கத் தெரியாது. அரை மாத்திரையே ஆளை முடிச்சுடும். டாக்டர் நம்பர் ராத்திரி ஸ்விட்ச் ஆஃப். என் நம்பர்தான் எல்லார்கிட்டயும் இருக்கு."

"உன் போனுக்கு ரீசார்ஜ் யாரு?"

"நான்தான்."

அதையும் எழுதச் சொன்னேன்.

அடுத்து நேரம் குறித்தோம். சனி, ஞாயிறு கூட்டம், கூடாது. தீபாவளியை ஒட்டியும் கூடாது. வெடிச் சத்தத்தில் ஊர் நாயெல்லாம் கட்டிலுக்கடியிலிருந்து நேரே கிளினிக்குக்கு வரும். ஏதாவது செத்த அன்றைக்கு டாக்டரே யாரிடமும் பேசமாட்டார். நல்ல மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி என்று முடிவானது. மாமியார் மட்டும் செவ்வாயில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றார். நாய்களுக்கு அது தெரியாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எவ்வளவு கேட்பது? ஆறாயிரம். "கேக்கறப்ப ஆறுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்க. அப்புறம் முதல்ல பேசறவன் தோத்தான்" என்று எங்கோ படித்ததைச் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லி அனுப்பினேன். வீட்டில் நான் டாக்டராக நடித்து இரண்டு தடவை ரிகர்சலும் ஆயிற்று. இரண்டு தடவையும் நான் கொடுக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஏன்தான் அப்படித் தோன்றுகிறதோ!

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவன் சொன்னபடி சொல்கிறேன்.

டாக்டர் நோட்டை முழுக்கப் படித்தாராம். வியாழக்கிழமை வரியில் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு தன் டிராயரைத் திறந்து அவரும் ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். இடத்துக்கு வாடகை, எக்ஸ்ரே மெஷினுக்கு லோன், கரன்ட் பில். "அறுபதாயிரம் கொடுத்து நாய் வாங்கறவன் என்கிட்ட ஐந்நூறு ரூபாய் ஃபீஸ்ல நூறு குறைக்கச் சொல்றான். நான் யார்கிட்ட போய் இன்க்ரிமென்ட் கேக்கறது?"

பொய்யில்லை. மச்சினனே பார்த்திருக்கிறான். கொஞ்சம் இளகிவிட்டான். டாக்டர் அந்த நேரம் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னார். எல்லா முதலாளிகளும் எந்தக் கல்லூரியில் சேர்ந்து கற்றுக்கொள்கிறார்களோ, எனக்கும் என் மானேஜர் சொன்ன அதே வாக்கியம்.

"உன்னை நான் வேலைக்காரனாவா நினைச்சேன்? நீ என் தம்பி மாதிரிடா."

நான் அன்றைக்கு இந்த இடத்தில் நெகிழ்ந்துபோய் எழுந்து வந்தவன். இவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்:

"தம்பின்னா பங்கு கேப்பான் டாக்டர். நான் சம்பளம்தான் கேக்கறேன்."

இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எவ்வளவு?"

ஆறு. ஒரே வார்த்தை. ஒரு வாரம் மனப்பாடம் செய்தது. என் மச்சினன் வாயைத் திறந்தான். "ஆ... அஞ்சு... ஒரு நாலு கொடுத்தாக்கூடப் போதும் டாக்டர். மூணுன்னாலும்..."

எதிரே இருப்பவர் வாயே திறக்கவில்லை! தானே கேட்டு, தானே பேரம் பேசி, தானே பாதிக்கு இறங்கிவிட்டான். எழுபது கிலோ ராட்வைலரை அசையாமல் பிடிக்கிறவனுக்குத் தன் நாக்கைப் பிடிக்கத் தெரியவில்லை.

"நாலு" என்றார் டாக்டர். மூன்று என்று காதில் விழுந்த பிறகும் நாலு என்றார். அதனால்தான் நல்ல மனுஷர் என்றேன். ஒன்றாம் தேதியிலிருந்து 18,000. போன் ரீசார்ஜ் கிளினிக் கணக்கு.

"அப்புறம் ஊசி டாக்டர்."

"உனக்குத்தான் இப்ப ஓடிட்டிருக்கே?"

"எனக்கில்லை. கூண்டு கழுவற ஆயாவுக்கு. அவங்களும் போடலை."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அன்று சாயந்திரமே ஆயாவுக்கு ஏற்பாடு செய்தாராம். இந்த ஒரு விஷயத்துக்காக மூன்றுக்கு இறங்கியதை என் மனைவி மன்னித்துவிட்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாதம் இரண்டாயிரம் ஐயா, வருஷத்துக்கு இருபத்துநாலாயிரம்!

பெயர் விஷயத்தில்தான் டாக்டர் ரொம்ப யோசித்தார். நர்ஸ் என்று போட்டால் கேள்வி வரும் என்று தயங்கி, கடைசியில் ஒரு பேட்ஜ் அடித்துக் கொடுத்தார். 'ஸீனியர் அஸிஸ்டென்ட்.' அங்கே ஜூனியர் என்று யாரும் கிடையாது. முதல் நாளே ஒரு பீகிள் குட்டி அதில் 'ஸீ'யைத் தின்றுவிட்டது.

போன வாரம் தரகர் மறுபடி போன் பண்ணினார். மாமியார் இந்தத் தடவை குரலை உயர்த்தியே சொன்னார். "பதினெட்டாயிரம் சம்பளம். ஸீனியர்."

"ஓஹோ, ஸீனியர் டாக்டரா?"

சிக்னல் மறுபடி போய்விட்டது.