பாதிப் பணம் ஒருவருக்கு, மீதிப் பணம் பதினேழு பேருக்கு!

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை இது. தீர்த்தமலை அடிவாரத்தில் நாங்கள் ஒரு சடுகுடுக் குழு வைத்திருந்தோம். பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் பந்தயம். வீடு வீடாகப் போய் வசூல் செய்தோம். மூவாயிரம் ரூபாய் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கூட்டி வருவோம். அவர் ஒருவர் பாடிப் போனால் போதும். கோப்பை நமக்குத்தான்!"

கூட்டி வந்தோம். அவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தோம். மீதி ஆயிரத்தில் பனியன் வாங்கினோம், வேன் பிடித்தோம். எங்கள் குழுவிலேயே நன்றாகக் கால் பிடிக்கிற பையன் ஒருவன் இருந்தான். கூலி வேலைக்குப் போகிறவன். "இரண்டு நாள் கூலி போய்விடும், அண்ணா. நூறு ரூபாய் கொடுத்தால் வருகிறேன்" என்றான். "பணம் இல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டோம். அவன் வரவில்லை.

முதல் ஆட்டத்திலேயே பெரிய ஆட்டக்காரரை நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அவர் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார். எதிரியில் ஒருவனைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றினால்தான் அவர் மறுபடி உள்ளே வரலாம். பிடிக்கத்தான் எங்களிடம் ஆள் இல்லையே! பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வேன் ஊருக்குத் திரும்பிவிட்டது.

இந்தக் கதையை நான் வெளியில் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோடிக் கணக்கில் பணம் புரளும் பெரிய அணிகளும் இதே தப்பைத்தான் செய்கின்றன!

கோடியிலும் அதே கணக்கு

புரோ கபடிப் போட்டி 2014-ல் தொடங்கியது. நமது தமிழ் தலைவாஸ் அணி 2017-ல் அதில் சேர்ந்தது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். ஆனால் முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இஷ்டம்போல் செலவு செய்ய முடியாது. ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு அல்லவா? அது போல இது சம்பளத்துக்கு உச்சவரம்பு.

இது நல்ல ஏற்பாடு. இந்த வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரும் பணக்காரர் ஒருவர் நல்ல ஆட்டக்காரர் எல்லோரையும் தாமே வாங்கிக்கொள்வார். மற்ற அணிகள் தோற்பதற்கென்றே மைதானத்துக்கு வர வேண்டியதுதான். முடிவு முன்பே தெரிந்த பந்தயத்தை யார் பார்ப்பார்கள்?

2022-ல் வரம்பு 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை எடுத்தது. விலை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம்! கபடி ஏலத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கிடைத்ததில்லை. ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். நானும்தான்.

துள்ளி முடித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒருவருக்கே போய்விட்டது. மீதி 2 கோடியே 13 லட்சத்துச் சொச்சம். ஓர் அணிக்குக் குறைந்தது 18 ஆட்கள் வேண்டும். ஆக, 17 பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்குச் சராசரி பன்னிரண்டரை லட்சம்! எங்கள் பொங்கல் பந்தயத்துக் கணக்கு மாதிரியே இருந்தது.

பிறகு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவே முடியவில்லை. பாதிப் பணம் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டது.

காப்பாற்றியது யார்?

தலைவாஸ் அணி அந்த ஆண்டு கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை! முதல் தடவையாக அரை இறுதி வரை போனது. புனே அணியிடம் இரண்டே புள்ளியில்தான் தோற்றது.

காப்பாற்றியவர் நரேந்தர் என்ற இளைஞர். அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பெரிய போட்டிக்கு ஆட வந்தவர். பாடிப் போய் 240 புள்ளிகளுக்கு மேல் எடுத்துக் கொடுத்தார். நடுவில் பயிற்சியாளராக வந்த அஷான் குமார் இளைஞர்களை வைத்தே அணியைத் தேற்றினார். ஏலத்தன்று பத்திரிகைகளில் நரேந்தர் பெயர் கொட்டை எழுத்தில் வரவில்லை. படம் போட்டதெல்லாம் பவனுக்குத்தான்.

இது ஏதோ அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, அடுத்த ஆண்டைப் பாருங்கள். 2023 ஏலத்தில் வரம்பு 5 கோடி ஆயிற்று. தெலுங்கு டைட்டன்ஸ் அணி அதே பவனை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. இந்தத் தடவை அவருக்கு அடிபடவில்லை. 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அணி 22 ஆட்டங்களில் 2-ல்தான் வென்றது. 12 அணிகளில் கடைசி இடம்! அவர் எடுத்து வந்த புள்ளிகளைக் காப்பாற்ற, பிடிக்கிற ஆட்கள் போதவில்லை.

"அப்படியானால் புனே அணி எப்படி வென்றது? அவர்களும் ஈரான் நாட்டு ஷாட்லூயிக்கு 2 கோடியே 35 லட்சம் கொடுத்தார்களே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. அதே 2023 ஏலத்தில்தான் எடுத்தார்கள், கோப்பையும் அவர்களுக்கே. ஆனால் அவர்கள் கதை வேறு. அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத் போன்ற பையன்களைச் சில ஆண்டுகளாகவே தங்களோடு வைத்து வளர்த்து வந்தார்கள். இளம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் குறைவு. பந்தல்கால் எல்லாம் நட்டு முடித்த பிறகு, மிச்சம் இருந்த பணத்தில் கலசம் வாங்கினார்கள். டைட்டன்ஸ் முதலில் கலசத்தை வாங்கிவிட்டுக் கால் நட இடம் தேடியது.

புனே வளர்த்த அந்தப் பையன்களில் ஒருவர் பெயர் அபினேஷ் நடராஜன். தமிழ்நாட்டுக்காரர்! நம் வீட்டுப் பிள்ளை வேறு மாநிலக் கோப்பைக்குக் காவல் நின்றார். எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

மும்பை ஏன் டோனியை விட்டது?

கிரிக்கெட்டிலும் இந்த வரம்புதான் பெரிய பெரிய முடிவுகளைச் செய்கிறது. 2008-ல் நடந்த முதல் ஏலத்தில் டோனிக்காகச் சென்னையும் மும்பையும் மோதின. ஓர் அணிக்கு வரம்பு 50 லட்சம் டாலர். விலை 15 லட்சம் டாலருக்கு ஏறியது. மும்பை நின்றுவிட்டது. ஏன்? மும்பையில் சச்சின் இருந்தார். அணியில் அதிகச் சம்பளம் வாங்குகிறவரைவிட 15 சதவீதம் கூடுதலாகச் சச்சினுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி. டோனிக்கு 15 லட்சம் என்றால் சச்சினுக்கு 17¼ லட்சம். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல் போய்விடும்! சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. டோனி சென்னைக்கு வந்ததற்குப் பாசம் காரணம் அல்ல. பெருக்கல் கணக்குத்தான் காரணம்.

அதே டோனி 2025 பந்தயத்துக்கு என்ன சம்பளம் வாங்கினார் தெரியுமா? 4 கோடி! வரம்பு 120 கோடியாக இருந்தபோது அவருக்கு 4 கோடி. ஐந்து ஆண்டுகளாக நாட்டுக்காக ஆடாத இந்தியரை, நாட்டுக்கே ஆடாதவர் பட்டியலில் சேர்க்கலாம் என்ற விதியை மறுபடி கொண்டுவந்தார்கள். 2011-ல் உலகக் கோப்பையைத் தூக்கியவர் இந்த விதியால் புதுப் பையன்களின் வரிசைக்கு வந்துவிட்டார். மிச்சமான பணத்தில் ருதுராஜ், ஜடேஜா இருவருக்கும் 18 கோடி வீதம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு டோனி பிடிக்கும். ஆனால் இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பட்டியல் புதிய பையன்களுக்காக ஏற்பட்டது. வரம்பு என்று வைத்துவிட்டால் அது எல்லோருக்கும் ஒரே கோடாக இருக்க வேண்டும். (இவ்வளவு சாமர்த்தியம் செய்தும் அந்த ஆண்டு சென்னை பத்து அணிகளில் கடைசியாக வந்தது. இதற்கு நான் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.)

கால்பந்து உலகின் ராஜா மெஸ்ஸியும் இந்த வரம்பில் இடறியவர்தான். ஸ்பெயின் நாட்டில் வரம்பு அணிக்கு அணி மாறும். வருமானம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் சம்பளம் கொடுக்கலாம். பார்சிலோனா அணி பல ஆண்டுகளாகக் கைக்கு மிஞ்சிச் செலவு செய்தது. 2021-ல் வந்த வருமானத்தைவிடச் சம்பளம் அதிகமாகிவிட்டது. பாதிச் சம்பளத்துக்கு ஆடுகிறேன் என்று மெஸ்ஸி சொன்னார். அப்படியும் கணக்கு ஒத்துவரவில்லை. சிறு பையனாகச் சேர்ந்து வளர்ந்த அணியை விட்டு, ஆகஸ்டு மாதத்தில் எல்லோர் எதிரிலும் அழுதுகொண்டே போனார். அன்று அழ வேண்டியவர்கள், பணம் இருக்கிறது என்று பல ஆண்டுகள் அள்ளி இறைத்தவர்கள்.

நம் பக்கத்துப் பையன்

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே சின்னப்பம்பட்டி நடராஜனை நம் பக்கத்துப் பையன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஐதராபாத் அணி 2018-ல் அவரை எடுத்த விலை 40 லட்சம். அந்த விலைக்கு 2020-ல் அவர் யார்க்கர் பந்துகளாகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். இந்தியாவுக்கும் ஆடினார். 2024 கடைசியில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து அவரை எடுத்தது. 2025-ல் அவருக்குக் கிடைத்ததோ மிகச் சில ஆட்டங்கள்தான்.

அவரால் எந்த அணிக்கு லாபம்? 40 லட்சத்துக்கு எடுத்துக் காத்திருந்த அணிக்கு! வரம்பு உள்ள பந்தயத்தில் பேர் வாங்குவதற்கு முன்னால் ஆளைக் கண்டுபிடிக்கிறவனே பிழைப்பான்.

அதனால்தான் தலைவாஸ் அணியிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2024-ல் மறுபடியும் 2 கோடியே 15 லட்சம் கொடுத்துச் சச்சின் தன்வரை எடுத்தார்கள். 5 கோடியில் அது ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அவரும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் பெரிய பேருக்குப் பணத்தைக் கொட்டுகிற அணி, தமிழ்நாட்டு ஊர்களில் மண்ணில் ஆடுகிற பையன்களை எத்தனை தடவை வந்து பார்த்திருக்கிறது? பையன்கள் இல்லையா? 2025 அக்டோபரில் பகரைன் நாட்டில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் இந்தியா கபடியில் இரண்டு தங்கம் வென்றது. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அரசாங்கம் ஆளுக்கு 25 லட்சம் பரிசு கொடுத்தது. இது தமிழ்ப் பாசத்துக்காகக் கேட்கும் சலுகை அல்ல. வரம்புக்குள் நல்ல அணி கட்ட அதுதான் மலிவான வழி.

இன்னொன்றும் செய்யலாம். எந்த அணியும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி வைக்கட்டும். நட்சத்திர ஆட்டக்காரர்கள் கோபப்படுவார்கள். படட்டும். இப்போதைய ஏற்பாட்டில் அடிபடுவது நடுவில் இருப்பவன். அவன் நட்சத்திரமும் இல்லை, சின்னப் பையனும் இல்லை. இருபத்தெட்டு, முப்பது வயது. ஏழெட்டு ஆண்டு அனுபவம். வீட்டில் மனைவி, குழந்தை. 2023 ஏலத்தில் முதல் பிரிவுக்குத் தொடக்க விலை 30 லட்சம், கடைசிப் பிரிவுக்கு 9 லட்சம். நட்சத்திரத்துக்குக் கொட்டிய அணி, மிச்சத்தை நிரப்பக் குறைந்த விலைப் பையன்களைத் தேடுகிறது. நடுவிலுள்ளவன் பெயர் வாசிக்கப்படும்போது யாரும் கை தூக்குவதில்லை. அணிகளுக்குள் நியாயம் செய்கிற வரம்பு, ஓர் அணிக்குள்ளே இந்த அநியாயத்தைச் செய்துவிடுகிறது. கபடி ஆடுகிறவனின் முழங்கால் பத்து ஆண்டு தாங்கினால் பெரிது. அவன் எப்போது சம்பாதிப்பான்?

கால் பிடிக்கிற பையன் என்று சொன்னேனே, அவருக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. மலையடிவாரத்தில்தான் இருக்கிறார். அவர் மகன் இப்போது எங்கள் ஊர்க் குழுவில் ஆடுகிறான். அப்பாவைப் போலவே கால் பிடிக்கிறான். வரும் பொங்கலுக்கு வசூல் நோட்டு போட்டாயிற்று. சென்ற வாரம் அந்தப் பையன் என்னிடம் வந்து, "மாமா, ஓசூரிலிருந்து ஒரு ஆள் கூப்பிடலாம் என்கிறார்கள். மூவாயிரம் கேட்கிறாராம்" என்றான்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். செலவுப் பக்கம் இன்னும் காலியாக இருந்தது. முதல் வரியில் அவன் பெயரையும் மற்ற பையன்கள் பெயரையும் எழுதி, எதிரே இரண்டு நாள் கூலி என்று போட்டேன். ஓசூர்க்காரருக்கு மிச்சம் இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.